நண்டுச் சிலந்திக்குப் பெயர் எழுதும் முன்: மிசுமெனா வாட்டியாவை வைத்து ஒரு பயிற்சி

ஆவாரம்பூவில் ஒரு தேனீ வெகுநேரம் அசையாமல் இருந்தால் நெருங்கிப் பாருங்கள். பூவின் நிறத்திலேயே ஒரு சிலந்தி அதைக் கவ்விக்கொண்டிருக்கலாம். படம் எடுத்து இணையத்தில் ஒப்பிட்டால் அடிக்கடி கண்ணில் படும் பெயர் மிசுமெனா வாட்டியா. நானும் தொடக்கத்தில் பல படங்களுக்கு அந்தப் பெயரையே எழுதினேன். ஒரு சிற்றினம் எங்கெங்கே வாழ்கிறது என்னும் பரவலைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அந்தத் திருத்தம் உங்களுக்கு நேராமலிருக்கவே இந்த விளக்கம்.

முதல் படி: நிறத்தை ஒதுக்கி வையுங்கள்

வாட்டியாவின் பெண் சிலந்தி வெள்ளைப் பூவில் வெள்ளையாகவும் மஞ்சள் பூவில் மஞ்சளாகவும் மாறும். மஞ்சள் நிறமி உடலின் வெளிப்புறச் செல்களில் சேர்ந்து மஞ்சளாக 10 முதல் 25 நாள் வரை ஆகும். வெள்ளைக்குத் திரும்ப ஏறக்குறைய 6 நாள் போதும். ஒரே சிலந்தியே இந்த வாரம் ஒரு நிறமும் அடுத்த மாதம் வேறு நிறமும் காட்டுமென்றால், நிறத்தை நம்பி எப்படிப் பெயர் சொல்வது?

இரண்டாம் படி: குடும்பத்தைப் பிடியுங்கள்

முன்னிரண்டு ஜோடிக் கால்கள் நீண்டு, தடித்து, நண்டின் கொடுக்குபோல் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றனவா? எட்டுக் கண்கள் இரண்டு வரிசையாக இருக்கின்றனவா? வலை பின்னாமல் பதுங்கியிருந்து இரை பிடிக்கிறதா? அப்படியானால் அது தோமிசிடே குடும்பமாக இருக்கலாம். 2,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட பெரிய குடும்பம் இது. வீட்டுச் சுவரில் ஓடும் பெரிய தட்டைச் சிலந்தியும் கால்களை நண்டுபோல் விரிக்கும். ஆனால் அது வேறு குடும்பம். அதன் பின்னங்கால்கள் இவ்வளவு குட்டையாக இருப்பதில்லை.

மூன்றாம் படி: பேரினம்

இங்கே முகத்தை நேர்முகமாகப் படமெடுப்பது முக்கியம். கண் வரிசையின் இரு ஓரங்களிலும் கொம்புபோல் கூர்ந்த மேடுகள் தெரிந்தால், வயிறும் பின்பக்கம் அகன்று மூலைகள் துருத்தியிருந்தால், தோமிசஸ் பேரினத்தை நினையுங்கள். மிசுமெனா வாட்டியாவுக்கு அந்தக் கொம்பு இல்லை. வயிறு உருண்டு வழவழப்பாக இருக்கும். சில பெண் சிலந்திகளின் வயிற்றோரம் இரண்டு சிவப்புக் கோடுகள் ஓடும். பெண் 10 மில்லிமீட்டர் வரை வளரும். ஆண் அதில் பாதிகூட இருக்காது.

நான்காம் படி: பெயரைப் படியுங்கள்

வகைப்பாட்டு ஏணியை மேலிருந்து சொன்னால்: கணுக்காலிகள் தொகுதி, அராக்னிடா வகுப்பு, அரேனியே வரிசை, தோமிசிடே குடும்பம், மிசுமெனா பேரினம், வாட்டியா சிற்றினம். பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வரும் வால்: மிசுமெனா வாட்டியா (கிளார்க், 1757).

அடைப்புக்குறிக்குப் பொருள் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் கிளார்க் 1757இல் இதற்கு முதலில் வைத்த பெயர் அரேனியஸ் வாட்டியஸ். 1804இல் பிரெஞ்சு விலங்கியலாளர் லத்ரேய் மிசுமெனா என்ற பேரினத்தை நிறுவினார். இந்தச் சிலந்தி அதற்குள் வந்தது. பேரினம் மாறினால் முதலில் விவரித்தவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும். கூடவே வாட்டியஸ் வாட்டியா ஆனது. நல்லவன், நல்லவள் என்று நாம் விகுதி மாற்றுவதுபோல, லத்தீனில் பேரினப் பெயர் பெண்பாலானால் அதைத் தொடரும் சிற்றின அடைமொழியும் பெண்பாலாகும். வாட்டியா என்ற சொல்லுக்கு வளைந்த காலுடையது என்று பொருள்.

ஆண்டையும் கவனியுங்கள். விலங்குகளின் அறிவியல் பெயர்கள் லின்னேயஸின் 1758ஆம் ஆண்டு நூலிலிருந்தே செல்லுபடியாகும். அதற்கு முந்திய கிளார்க்கின் சிலந்தி நூலுக்கு மட்டும் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு விலக்கு அளித்திருக்கிறது. ஒரு சிறிய பூச்சிலந்தியின் பெயருக்குப் பின்னால் நிற்கும் 1757 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை தோன்றுகிறது.

ஐந்தாம் படி: பரவலைப் படியுங்கள்

பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியலை எவரும் இணையத்தில் பார்க்கலாம். பேரினத்தையும் சிற்றினத்தையும் தேடி, பரவல் வரியைப் படியுங்கள். வாட்டியாவுக்கு வட அமெரிக்கா, ஐரோப்பா, துருக்கி, ரஷ்யா, கொரியா, ஜப்பான் என்று வடக்கு நிலங்களாகவே நீளும். இரு கண்டத் தொகுதிகளிலும் வடபாதியைச் சுற்றி வளைக்கும் இத்தகைய பரவலை ஹோலார்க்டிக் என்பார்கள்.

வரியில் நாட்டின் பெயர் இருப்பதால் அந்நாடு முழுவதும் அது வாழ்கிறது என்று கொள்ளாதீர்கள். பதிவு கிடைத்தது என்பதே பொருள். ரஷ்யாவின் வடகோடியும் தென்கோடியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் வரைபடத்தில் நாடு முழுக்க வண்ணம் பூசுவதைவிட, பதிவான இடங்களைப் புள்ளிகளாக வைப்பதே நேர்மை.

இப்போது உங்கள் ஆவாரம்பூவுக்குத் திரும்புங்கள். மதுரையோ தஞ்சாவூரோ இந்தப் பரவலுக்குள் வருவதில்லை. நீங்கள் பார்த்த சிலந்திக்குக் கண்ணோரக் கொம்பு இருந்தால், அது தோமிசஸ் பேரினத்தின் ஒரு சிற்றினமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தோமிசஸ் லோபோசஸ், தோமிசஸ் புரோஜெக்டஸ் ஆகிய இரண்டையும் இந்தியாவிலிருந்து விவரித்தவர் பி. கே. டிகாதர், ஒப்பிடத் தொடங்க இவை நல்ல இடம்.

ஆறாம் படி: தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள்

சிற்றினத்தை உறுதி செய்ய, முதிர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும். பெண்ணுக்கு அது வயிற்றின் அடிப்புறம். ஆணுக்கு வாயருகே கைபோல் நீளும் இரு உறுப்புகளின் நுனி. படத்தில் அவை தெரியாதபோது "தோமிசஸ் எஸ்பி." (பேரினம் தெரியும், சிற்றினம் உறுதியில்லை என்பதன் சுருக்கம்) என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. கூடவே ஊர், தேதி, பூவின் பெயர், மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என மூன்று படங்கள் சேருங்கள். பிறகு வரும் ஓர் ஆய்வாளர் உங்கள் பதிவை எடுத்து, பேரினத்தோடு நின்ற அந்த வரியைச் சிற்றினம் வரை கொண்டுபோக அவை போதும்.