பேரக்குழந்தையைக் கவனித்துக்கொள்ளும் பாட்டிமார்களுக்கு ஒரு குறிப்பு

நீட்டிய கால்களில் பேத்தியைக் குப்புறக் கிடத்தி, வெதுவெதுப்பான நீரை முதுகில் ஊற்றும்போது அந்தப் பிஞ்சு உடல் மெல்லத் தளர்வதை உணர்வதற்கு ஈடான மகிழ்ச்சி எனக்கு வேறில்லை. ஆனால், மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக்கூடும் என்பதால், அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டேன்.

சேனை வைப்பதை, அதாவது பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுவைப்பதை, விடுவதுதான், உண்மையாகவே, மனத்துக்குக் கடினமாக இருந்தது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் குழந்தையின் முதிராத குடலில் வளர்ந்து, தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும் என்பதால், 12 மாதங்கள் நிறையும்வரை நாக்கில் தடவுவதற்குக்கூடத் தேன் கூடாது. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். சித்திரை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை.

இவற்றை மகளோ மருமகளோ சொன்னால், நம் அனுபவத்தைக் குறை சொல்வதாகவே தோன்றி, வீட்டில் மனத்தாங்கல் வருகிறது. ஆகவே 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி போடச் செல்லும்போது நீங்களும் உடன் சென்று, வசம்பு, உரை மருந்து, கண்மை என உங்களுக்குள்ள ஐயங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்து, மருத்துவரிடம் நீங்களே நேரில் கேளுங்கள்.