எல்லோரும் யோஹான்தான்: ஜெர்மன்-அமெரிக்க வம்சாவளியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிசௌரி, ஓஹாயோ, அயோவா பக்கம் 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மன் விவசாயக் குடும்பங்களில் பத்துப் பிள்ளைகள் சாதாரணம். அந்த வம்சாவளியை எழுத உட்காருபவர்கள் முதலில் சறுக்குவது பெயரில்தான். ஞானஸ்நானப் பதிவேட்டில் அண்ணன் யோஹான் ஹைன்ரிஷ், தம்பி யோஹான் ஃபிரீட்ரிஷ் என்றிருக்கும். வீட்டில் கூப்பிட்டது பெரும்பாலும் இரண்டாவது பெயர். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் ஹென்றி, ஃபிரெட் ஆகியிருப்பார்கள். யோஹானை மட்டும் பார்த்து இருவரையும் ஒருவராக்கினால் ஒரு கிளையே காணாமல் போகும். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பதும் வழக்கம். எனவே ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் அடக்கப் பதிவேட்டையும் புரட்டுங்கள்.

வடமேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா, ஓஸ்னாப்ரூக், லிப்பே பகுதிக் குடும்பம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே குடும்பப் பெயர் பண்ணையோடு ஒட்டியது. பண்ணைக்கு வாரிசான பெண்ணைக் கட்டியவர் அந்தப் பண்ணையின் பெயரையே ஏற்றுக்கொள்வார். பதிவில் இரண்டு பெயர்களுக்கு நடுவே 'கெனான்ட்' என்றோ அதன் சுருக்கமோ இருந்தால், 'என அழைக்கப்படுபவர்' என்று பொருள். இதைக் கவனிக்காதவர், தகப்பன் வழி என்று நினைத்துத் தாய்வழியில் ஏறிக்கொண்டிருப்பார்.

நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் இருந்த குடியேற்ற நிலையத்தில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையை நம்ப வேண்டாம். அந்த நிலையம் திறந்ததே 1892இல். பயணிகள் பட்டியலும் கப்பல் ஏறிய இடத்திலேயே எழுதப்பட்டது.

கணக்கெடுப்பில் பிறந்த இடம் 'பிரஷ்யா' என்று மட்டும் இருந்தால், ஜெர்மன் பதிவேடுகளுக்குத் தாவாதீர்கள். அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யா அவ்வளவு பெரியது. குடும்பம் போன அமெரிக்கத் தேவாலயத்தின் திருமண, அடக்கப் பதிவுகளிலும், ஜெர்மன் மொழிச் செய்தித்தாளின் மரண அறிவிப்பிலும் ஊர்ப் பெயர் பல நேரம் கிடைக்கும். ஊர் தெரியாமல் பெயரை மட்டும் பொருத்துவது வெறும் ஊகம்.

தேதியில் '7பெர்' என்றிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு. அப்படியே 8பெர் அக்டோபர், 9பெர் நவம்பர்.

1890 கணக்கெடுப்பு 1921 தீவிபத்தில் சேதமாகி, பெரும்பாலும் அழிந்துபோனது. அதனால் 1880க்குப் பின் பிறந்து 1900க்குள் இறந்த பிள்ளை எந்தக் கூட்டாட்சிக் கணக்கெடுப்பிலும் தென்படாமல் போகலாம். 1900 கணக்கெடுப்பில் தாயிடம் எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே 11 என்றிருந்து உங்கள் பட்டியலில் 9 பேர்தான் என்றால், மீதி இருவரைத் தேவாலயப் பதிவேட்டில் தேடுங்கள்.