பயண வானில் புதிய 12 வோல்ட் சொக்கெட் பொருத்துதல்

மட்டக்களப்பிலிருந்து அறுகம்பைக்குச் சென்று வானிலேயே இரவு தங்குபவர்கள், கைபேசியையும் சிறிய மின்விசிறியையும் ஒன்றாக இயக்குவதற்குப் பின்பக்கத்தில் இன்னொரு சொக்கெட்டை விரும்புவார்கள். முதலில் பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்றி, அது முனையைத் தொடாதவாறு துணியால் சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

வயரின் தடிப்பில்தான் பலர் தவறுகிறார்கள். சொக்கெட் 5 மீற்றர் தள்ளியிருந்தால், மின்னோட்டம் போய்வரும் பாதை 10 மீற்றராகும். அதில் 10 அம்பியர் ஓடும்போது 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் ஏறக்குறைய 0.7 வோல்ட் இழக்கப்படும், 4 சதுர மில்லிமீற்றரில் அது 0.44 ஆகக் குறையும். ஆகவே தடித்ததையே வாங்குங்கள்.

15 அம்பியர் பியூஸை நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பொருத்த வேண்டும். ஏனெனில் பியூஸ் காப்பது வயரையே, நடுவழியில் அது உராய்ந்து வானின் தகட்டைத் தொட்டால் சொக்கெட்டின் அருகிலுள்ள பியூஸால் பயனில்லை. வயர் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடமெல்லாம் இறப்பர் வளையம் இடுங்கள்.

கல்லடிக் கடற்கரையோரம் நிறுத்தப்படும் வான்களில், உப்புக்காற்றால் செப்பு இழைகள் பச்சை பூத்து, தொட்டாலே உதிர்ந்துவிடும். வெள்ளீயம் பூசிய வயரும், மூட்டுகளின் மேல் சூடாக்கிச் சுருக்கும் குழாயும் இதைத் தடுக்கும்.

சொக்கெட்டின் நடுமுனைக்கு நேர்வயரையும் வெளிவளையத்துக்கு எதிர்வயரையும் இணையுங்கள். 1000 வாற் கேத்தலுக்கு 80 அம்பியருக்கு மேல் தேவை என்பதால், தேநீரை வழிக்கடையில் குடித்துக்கொள்ளலாம். இறுதியாகப் பற்றரியின் எதிர்முனையை மீண்டும் பூட்டி, மல்ரிமீற்றரால் வோல்ட்டளவையும் முனைகளின் திசையையும் சரிபாருங்கள்.