குழுவில் முடிவெடுக்க தேனீக்களின் வழி

குழுவாக முடிவெடுக்கும்போது, பேச்சைத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தங்கள் தேர்வையும் காரணத்தையும் தாளில் எழுதட்டும். தலைவர் கடைசியில் பேசட்டும். எத்தனை பேர் ஒத்துக்கொண்டால் முடிவு என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். வீண் விவாதம் பெருமளவு குறையும்.

தேனீத் திரள் புதுக்கூடு தேடுவது இப்படித்தான். இடம் தேடிப் போகும் சாரணத் தேனீ மரப்பொந்துக்குள் நுழைந்து, உட்சுவரெல்லாம் நடந்து பார்த்து, திரும்பி வந்து நடனமாடிச் சொல்லும். அதைப் பார்த்த இன்னொரு சாரணத் தேனீ அப்படியே தலையாட்டிவிடாது. தானே போய்ப் பார்த்த பிறகுதான் ஆடும். இதில் ராணி தலையிடுவதே இல்லை! கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சீலி பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது இன்னொன்று: ஒரு பொந்தில் ஏறக்குறைய 20, 30 சாரணத் தேனீக்கள் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டால் போதும், திரள் கிளம்பத் தயாராகும். முழு ஒப்புதலுக்காகக் காத்திருக்காது.

ஆபத்து நேரத்தில் இந்தத் தாளில் எழுதும் முறை வேண்டாம். ஒருவர் உத்தரவிட்டே ஆக வேண்டும். விஷயம் ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்றால் அவரிடமே கேட்டுவிடலாம். அப்புறம், முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து தாளை நீட்டாதீர்கள். அடுத்த முறை யாரும் மனதில் உள்ளதை எழுத மாட்டார்கள்.