எகானமி வகுப்பு விமானச் சாப்பாடு: டிரே அடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண மண்டபத்தில் பரிமாறிய கையோடு ஆள் சாப்பிட ஆரம்பித்துவிடுவார். விமானத்துக்குப் போகும் டிரே அப்படியில்லை. மதியம் அடுக்கியது நடு ராத்திரி முப்பதாயிரம் அடிக்கு மேலே திறக்கப்படலாம். அதற்குள் அது 5 டிகிரிக்குக் குளிர்ந்து, டிராலியில் ஏறி, லாரியில் குலுங்கி, கடைசியில் விமானத்து ஓவனில் 20, 25 நிமிஷம் மறுபடி சூடாகியிருக்கும். சேலத்தில் கேட்டரிங் படித்துவிட்டு சென்னை, பெங்களூரு ஃபிளைட் கிச்சன்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டியது இதைத்தான். அடுக்கும் மேசையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கணக்கில்லை. பயணி மூடியைப் பிரிக்கும்போது எப்படி இருக்கிறதோ அதுதான் கணக்கு. கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் இதை மறப்பதால் வருபவை.

இலைச் சாப்பாட்டுப் பழக்கத்தை அப்படியே கொண்டுவருவது முதல் தவறு. கூட்டு, பொரியல், வறுவல், அப்பளம் என்று எட்டு வகை வைத்தால் இலையில் நிறைவாக இருக்கும். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஃபாயில் பெட்டியில் எட்டு வகை என்றால் எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும். மூன்று போதும். சாதம் 100 கிராம், குழம்போ குருமாவோ 80 கிராம், பொரியல் 50 கிராம் என்று தராசில் வைத்துப் போடுங்கள். ஒரு பக்கம் சாதம், மறுபக்கம் குருமா, நடுவில் பொரியலை வரப்பு கட்டுவதுபோல் நெருக்கி வையுங்கள். அந்த வரப்பு இல்லையென்றால், பெட்டி சாயும்போதெல்லாம் குருமாவின் மஞ்சள் சாதத்தில் ஏறிவிடும். பயணிக்கு அது யாரோ பாதி சாப்பிட்டு வைத்ததுபோல் தெரியும்.

குழம்பின் பதமும் இதில் சேர்ந்தது. கரண்டியின் முதுகில் குழம்பை எடுத்து விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நிற்க வேண்டும். மண்டபத்துச் சாம்பார் அளவுக்குத் தண்ணியாக விட்டால் சாதம் அதை முழுவதும் குடித்துவிடும், மூடியிலும் தெறித்திருக்கும். பெட்டியின் விளிம்புக்கு 1 செ.மீ. கீழேயே நிறுத்துவதும் அதனால்தான். ஓவனுக்குள் பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கும். மேலே ஒன்று பொங்கி வழிந்தால் கீழே உள்ளவை எல்லாம் அழுக்காகும். நிரப்பியதும் விளிம்பை ஈரத் துணியால் துடைத்துவிட்டு மூடி போடுங்கள். விளிம்பில் ஒட்டிய ஒரு சொட்டுக் குருமா ஓவனில் கருகி, திறக்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.

மேலே கொத்தமல்லி தூவுவது எல்லோருக்கும் கைப்பழக்கம். மூடிய பெட்டிக்குள் அந்த இலை ஆவியில் வெந்து, கறுத்த நூலாகக் குருமாவில் ஒட்டிக்கொள்ளும். சூட்டைத் தாங்குவதை வையுங்கள்: வறுத்த முந்திரி, கொதிநீரில் அரை நிமிஷம் போட்டெடுத்த பச்சைப் பட்டாணி, மொறுமொறுப்பாகப் பொரித்த கறிவேப்பிலை. நிறத்தையும் சமையலுக்கு முன்பே, மெனு எழுதும்போதே யோசிக்க வேண்டும். காளான் மசாலா, கொண்டைக்கடலை, புளியோதரை மூன்றும் சேர்ந்தால் ருசிக்குக் குறைவிருக்காது. ஆனால் மங்கிய கேபின் விளக்கில் எல்லாமே பழுப்பு. பீட்ரூட்டை இதற்கு மருந்தாக நினைத்துச் சேர்க்காதீர்கள். இரவெல்லாம் சாயம் இறங்கி, பக்கத்தில் இருக்கும் பனீரும் சாதமும் சிவந்துபோகும். பீன்ஸ் பொரியல் பாதுகாப்பானது. அதையும் முக்கால் வேக்காட்டில் எடுத்துவிடுங்கள், மீதி வேக்காடு விமானத்தில் நடக்கும்.

டிபன் வகையில்தான் நம் ஊர்க் கைகள் அதிகம் தடுமாறுகின்றன. வெண்பொங்கலை எடுத்துக்கொள்வோம். வீட்டில் அரிசியும் பருப்பும் சேர்ந்து ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் வைத்தால் நல்ல பதம் வரும். அதே பொங்கல் ராத்திரி முழுக்கக் குளிரில் இருந்தால் அரிசியின் மாவுச்சத்து இறுகிக் கட்டியாகும். ஓவனில் சூடானாலும் கேக் மாதிரி துண்டாகத்தான் வரும், மேலே ஒரு காய்ந்த தோலோடு. ஐந்து பங்குக்குக் கொஞ்சம் மேலேயே தண்ணீர் வைத்து, அடுப்பிலிருந்து இறக்கும்போது கரண்டியிலிருந்து மெல்ல வழிந்து விழும் பதத்தில் எடுங்கள். இறக்கும்போது கண்ணுக்குத் தளதளவென்று தெரிய வேண்டும்; சமைக்கிறவருக்கு மனசு கேட்காது, ஆனாலும் அதுதான் சரியான பதம். நெய்யை மொத்தமாக மேலே ஊற்றாமல் கிளறிவிடுங்கள். மேலே நின்றால் குளிரில் வெள்ளைப் படலமாக உறைந்து, சூடேறியதும் ஓரத்தில் குட்டையாகத் தேங்கும். உப்புமாவுக்கும் இதே கணக்கு.

மெதுவடையை ஃபாயிலுக்குள் மூடினால் மொறுமொறுப்பு போய்விடும். சாம்பார் வடையாக வைப்பதென்றால் வையுங்கள், இல்லாவிட்டால் மெனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். தேங்காய்ச் சட்னி சூடாகாமல் குளிர்ந்த கிண்ணத்தில்தான் போகும். அதைத் தேங்காய் எண்ணெயில் தாளித்தால் 24 டிகிரிக்குக் கீழே எண்ணெய் உறைந்து, சட்னி மேல் மெழுகுத் துணுக்குபோல நிற்கும். நல்லெண்ணெயில் தாளியுங்கள்.

புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசியில் பாயசம் வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் அளவு மாற வேண்டும். 1 லிட்டர் பாலுக்கு 100 கிராம் ஜவ்வரிசி போட்டால் ராத்திரிக்குள் பால் முழுவதையும் அது உறிஞ்சிவிடும்; காலையில் கரண்டி நட்டால் நிற்கும். 50 கிராமுக்கு மேல் போகாதீர்கள். மாவுப்பசை போக முதலில் தனியாகத் தண்ணீரில் வேகவைத்து, வடித்து, குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசிவிட்டுப் பாலில் சேருங்கள். அப்போது மணி மணியாகப் பிரிந்து நிற்கும், தெளிந்த கிண்ணத்தின் பக்கவாட்டிலும் அது தெரியும்.

டிரேயின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயணியின் பக்கம் சூடான பெட்டிக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். பணிப்பெண்கள் அதைப் பிறகுதான் வைப்பார்கள். தயிரும் இனிப்பும் எட்டத்தில். டிராலியில் ஒரு அடுக்குக்கும் அடுத்ததற்கும் சில செ.மீ. இடைவெளிதான், உயரமான கிண்ணம் இடித்து மூடி கழன்றுவிடும். முதல் டிரேயை எடைபோட்டு, படமெடுத்து, அடுக்கும் மேசைக்கு நேர் எதிரே ஒட்டுங்கள். இல்லையென்றால் முந்நூறாவது டிரேயில் கிண்ணங்கள் இடம் மாறியிருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் டிரேயும் தன் டிரேயும் வேறாக இருந்தால் பயணி உடனே கவனிப்பார்.

அலங்காரமே விலக்காகிவிடும் இடமும் உண்டு. வி.ஜே.எம்.எல். என்று சிறப்பு உணவுக் குறியீட்டு ஸ்டிக்கர் ஒட்டிய ஜைன உணவில் மண்ணுக்கடியில் விளைவது எதுவும் கூடாது. சமையலில் உருளை, வெங்காயம், பூண்டு தவிர்த்துவிட்டு, மேலே அழகுக்கு ஒரு கேரட் பூ வைத்தால் அந்தச் சாப்பாடே வீண். வி.ஜி.எம்.எல். (வீகன் உணவு) என்றால் பால், நெய், தயிர், வெண்ணெய் எதுவும் ஆகாது. பால் சேர்த்த சைவத்துக்கு ஏ.வி.எம்.எல். இரண்டும் சைவம்தானே என்று ஒரே டிரேயை அடுக்கி, கூடவே ஒரு தயிர்க் கிண்ணம் வைப்பது அடிக்கடி நடக்கிறது. இது தோற்றப் பிழை அல்ல, பசியோடு இருப்பவருக்குச் சாப்பாடே இல்லாமல் செய்வது.

கடைசியாக, சீல் வைத்த கிண்ணங்கள். பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதற்குச் சமம். கிண்ணத்துக்குள் அடைபட்ட காற்று விரியும், மூடி உப்பும். விளிம்புவரை நிரப்பிய தயிராக இருந்தால், பிரித்ததும் பயணியின் சட்டையில்தான். விளிம்புக்கு முக்கால் செ.மீ. கீழே நிறுத்தி, அதிகக் காற்றும் அடைபடாமல் சீல் வையுங்கள்.

இதைச் சோதிக்க சேலத்துக்காரர்களுக்கு எல்லோருக்கும் கிடைக்காத வசதி ஒன்று இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி. அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போவதற்குள் பந்தாக உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். சேலத்தைவிட அங்கே அழுத்தம் நூற்றுக்கு 13 பங்கு குறைவு. கடல்மட்டத்திலிருந்து கிளம்பும் விமானத்தில் கால் பங்குவரை குறையும். ஆகவே ஏற்காட்டில் லேசாக உப்பும் மூடி விமானத்தில் நன்றாகவே உப்பும். புது மெனு போடும்போது நான்கு டிரே அடுக்கி, இரவு குளிரில் வைத்து, காலையில் ஐஸ் பெட்டியில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக் கொண்டுபோங்கள். மேலே ஒரு ஓவனில் சூடாக்குங்கள். பிறகு டிரேயை மேசையில் வைத்துப் பார்க்காமல், முழங்கைகளை உடம்போடு ஒட்டி உட்கார்ந்த ஒருவர் மடியில் கொடுத்து, ஒவ்வொரு மூடியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எது வழிகிறது, எது தெறிக்கிறது, எந்த மூடி பிரிய மறுக்கிறது என்று பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளுங்கள்.