திருகோணமலையில் மரபு பேணுவோர் அரசியல் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயில் நிலம் காக்கப்பட வேண்டும், குடும்பக் காணி சிதறக் கூடாது, அரசு வரவுக்கு மிஞ்சிச் செலவழிக்கக் கூடாது, ஊர் அலுவலை ஊரே தீர்மானிக்க வேண்டும் என்று எண்ணுவோர் திருகோணமலையில் நிறையப் பேர். இவை நியாயமான கருத்துகள். ஆனாலும் மனுவாகப் போகும்போதும் தேர்தல் கூட்டத்தில் கேள்வியாக எழும்போதும் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. எந்தச் சட்டம், எந்த அதிகாரி, எந்த ஆண்டு என்று பார்க்காமல் பேசுவதே காரணம்.

தொல்பொருள் விடயத்தில் "யார் முதலில் வந்தது" என்று மல்லுக்கட்டுவது

இங்கே அதிகம் இழப்பது இந்த வாதத்தில்தான். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்ததும், அதன் கற்கள் கோட்டைக்குப் போனதும் எல்லோரும் அறிந்த வரலாறு. சம்பந்தர் பாடிய தலம் என்பதும் அப்படியே. ஆனால் எல்லைக்கல் நடவரும் தொல்பொருள் திணைக்கள அதிகாரியின் கையிலிருப்பது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். அவரிடம் தேவாரம் பாடிப் பயனில்லை, அவர் கையிலுள்ள சட்டத்தாலேயே கேட்க வேண்டும். அந்தச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட நினைவுச் சின்னங்களைப் பேசுகிறதே தவிர, எந்த மதத்துக்குரியவை என்று பிரிப்பதில்லை. ஆகவே பழைய சிவன் கோயிலுக்கும் அதே பாதுகாப்பைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

எல்லை போடப்படும் இடத்தில் மூன்று ஆவணங்களைக் கேளுங்கள்: வர்த்தமானி அறிவித்தலின் இலக்கமும் திகதியும், எல்லையைக் காட்டும் நில அளவைப் படம், அந்தக் காணி தனியார் உறுதிக் காணியா அரச காணியா என்பதற்கான பிரதேச செயலகப் பதிவு. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் உங்கள் ஆட்சேபம் அதன்மேல் நிற்கட்டும். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியின் முதல் பட்டியலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. எவரும் மறுக்க முடியாத குறை அது. ஆயிரம் கோஷத்தைவிட அதைச் சொன்னால் வலுவாக இருக்கும்.

இதே விடயத்தில் இன்னொரு தவறு, இந்த மண்ணில் பௌத்தமே இருந்ததில்லை என்பது. வெல்கம் விகாரை என்னும் இராஜராஜப் பெரும்பள்ளியில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழர் பௌத்தப் பள்ளிக்குக் கொடை கொடுத்த சாசனங்கள் அவை. அவற்றை மறைப்பவர் தமது முன்னோரின் எழுத்தையே மறைக்கிறார். மரபைக் காப்பதாகச் சொல்பவர் அதை முழுதாகக் காக்க வேண்டும்.

2025 நவம்பரில் நகரக் கடற்கரையோரம் புத்தர் சிலை வைத்ததையொட்டி எழுந்த சர்ச்சையிலும் இதே பாடம் இருக்கிறது. கரையோரம் பேணல் சட்டம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கமுடையது. உயர் நீர்க்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றருக்குள் கட்டுமானம் செய்ய அனுமதி வேண்டும் என்கிறது. "அனுமதி எங்கே?" என்று மட்டும் கேட்டால், கோயிலோ பள்ளிவாசலோ விகாரையோ ஹோட்டலோ எதுவானாலும் அந்தக் கேள்வி செல்லும். சிலையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அது இனப் பிரச்சினையாகி, அனுமதி பற்றிய கேள்வி மறந்துபோகும். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்பதுதான் மரபு பேணுவோர் கையிலுள்ள மிகப் பெரிய பலம். அதை நாமே கைவிடக் கூடாது.

தேசவழமை நமக்கும் உண்டு என்று நம்புவது

குடும்பக் காணியைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி தடுமாறும் இடம் இது. தேசவழமை வட மாகாணத் தமிழருக்கான தனியாள் சட்டம். திருகோணமலைத் தமிழருக்குப் பொதுவாகப் பொருந்துவது நாட்டின் பொதுச் சட்டம். கணவன் சம்மதமின்றி மனைவி தன் அசையாச் சொத்தை விற்க முடியாது என்ற கட்டுப்பாடோ, கூட்டு உரிமையாளருக்கு முதலில் வாங்கும் உரிமையோ இங்கே தானாக வராது. அதனால் "நமது வழமைப்படி பங்காளியிடம் கேட்காமல் விற்கக் கூடாது" என்று கூட்டத்தில் முழங்குவதால் காணி நிற்காது. காணி கைமாறாமல் இருக்க வேண்டுமானால் உயில், நன்கொடை உறுதி, வாழ்நாள் உரித்து ஒதுக்கம் (கொடுத்தவர் உயிரோடிருக்கும்வரை காணியை அனுபவிக்கும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்வது) ஆகியவற்றை நொத்தாரிசு மூலம் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு நிலைமை வேறாக இருக்கலாம், அவர்கள் சட்டத்தரணியிடம் கேட்பதே நல்லது.

எல்லாவற்றையும் உள்ளூராட்சி சபையின் தலையில் போடுவது

ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு. மீதி உள்வீதிகளே சபைக்கு. பொலிஸும் தொல்பொருளும் மத்திய அரசிடம், அரச காணி அனுமதிப்பத்திரம் பிரதேச செயலாளரிடம். வட்டார வேட்பாளரிடம் எல்லைக்கல்லைப் பற்றிக் கேட்டால் அவர் வாக்குறுதி தருவார், தந்தபின் எதுவும் நடக்காது. ஆதன வரி எவ்வளவு நிலுவையில் இருக்கிறது, சந்தைக் குத்தகை யாருக்குப் போனது, குப்பை எங்கே கொட்டப்படுகிறது, கட்டட அனுமதிக்கு எத்தனை நாள் எடுக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

மாகாண சபையைப் பற்றி மனம்போனபடி பேசுவது

கிழக்கில் கடைசியாக மாகாணத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பரில். 2017 செப்டெம்பரில் சபையின் காலம் முடிந்தது. அதன்பின் ஆளுநர் ஆட்சி. தேர்தலைத் தடுத்து நிற்பது மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் என்று சிலரும், நீதிமன்றம் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். உண்மையில் முட்டுக்கட்டை 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டம். அது புதிய தேர்தல் முறையைக் கொண்டுவந்தது, அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் நிராகரித்தது. பழைய முறைக்குத் திரும்ப சாதாரண பெரும்பான்மையோடு ஒரு திருத்தம் போதும். ஆகவே மாவட்டத்தின் நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் வைக்க வேண்டிய கோரிக்கை அந்த ஒரு திருத்தம்தான். எந்தச் சமூகத்துக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத மாவட்டம் இது. மூன்று சமூகத்தாரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்துக்கு இங்கே கனம் அதிகம்.

வரியும் குறைய வேண்டும், செலவும் கூட வேண்டும் என்பது

சிக்கனம் பேசுவோர் இதில் கவனமாயிருக்க வேண்டும். 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8ஆகக் குறைக்கப்பட்டது. அதனால் வந்த வருமான இழப்போடு பெருந்தொற்றும் சேர, 2022 ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதமானது. வரி குறைப்புக் கேட்பவர் எந்தச் செலவை வெட்டுவது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

திருகோணமலை எண்ணெய்க் குதங்களை "இந்தியாவுக்கு விற்றுவிட்டார்கள்" என்பதும் இந்த வகைத் தவறே. 2022 ஜனவரி ஏற்பாட்டின்படி 99 குதங்களில் 14 லங்கா ஐஓசியிடம் (இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளை நிறுவனம்), 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 கூட்டு நிறுவனத்திடம். அந்தக் கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், லங்கா ஐஓசிக்கு 49 வீதம். இது குத்தகை. அந்த 61 குதங்களைச் சீரமைக்கும் வேலை எதுவரை வந்திருக்கிறது, குத்தகைப் பணம் எவ்வளவு, உள்ளூர் இளைஞருக்கு எத்தனை வேலை என்பவைதான் கேட்கத்தக்கவை.

வாட்ஸ்அப்பில் வந்த வர்த்தமானியை அப்படியே பரப்புவது

2025 மார்ச் 28ஆம் திகதியிட்ட காணி நிர்ணய (காணி யாருக்கு உரியது என்று தீர்மானிக்கும்) வர்த்தமானி ஏறத்தாழ 5,940 ஏக்கர் பற்றியது. அது வட மாகாணத்தின் நான்கு மாவட்டங்களுக்கானது, திருகோணமலை அதில் இல்லை. எதிர்ப்புக்குப் பின் அரசாங்கம் அதை மீளப் பெற்றது. ஒரு வர்த்தமானி கைக்கு வந்தால் இலக்கம், திகதி, மாவட்டப் பெயர், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்ற நான்கையும் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்திலுள்ள பிரதியோடு ஒப்பிடுங்கள். ஆட்சேபத்துக்குக் கால எல்லை இருந்தால் அந்தத் திகதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்சேபக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு இணைத்து வையுங்கள்.