முதலில் வயிறு, அப்புறம் மானிட்டர்

பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். புதிதாகச் சேரும் சிஸ்டர்களை முதல் நாள் மானிட்டர் முன்னால் நிறுத்த மாட்டேன். வார்மர், அதாவது பாப்பாவைச் சூடாக வைத்திருக்கும் படுக்கை, அதன் பக்கத்தில் நிற்க வைத்து, பாப்பாவின் வயிறு ஏறி இறங்குவதை எண்ணச் சொல்வேன்.

முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் இங்கே வேண்டாம். குறைமாதக் குழந்தை சீராக மூச்சு விடாது. சில மூச்சு வேகமாக விடும், 5 முதல் 10 விநாடி நிறுத்தும், மறுபடி தொடங்கும். நிறம் மாறாமல், துடிப்பு இறங்காமல் இருந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம். நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை சரி. 60ஐத் தாண்டினால் பாப்பா அமைதியாக இருக்கும்போது இன்னொரு முறை எண்ணுங்கள். மூக்கு விடைக்கிறதா, விலாவுக்கு நடுவே உள்ளே இழுக்கிறதா என்றும் பாருங்கள். மூச்சு விடும்போது முனகினால், எண்ணி முடிக்கக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இதயத் துடிப்புக்கு ஸ்டெத்தை உள்ளங்கையில் சூடாக்கி, இடது மார்பில் வைத்து ஒரு நிமிடம் கேளுங்கள். பெரும்பாலும் 120 முதல் 160 வரை இருக்கும். நிறைமாதக் குழந்தை ஆழ்ந்து தூங்கும்போது 100க்குக் கீழே போவதுண்டு; தொட்டதும் ஏறிவிடும்.

அப்புறம் லீட், அதாவது மானிட்டர் ஒயரை உடம்பில் ஒட்டும் ஸ்டிக்கர். இரண்டு தோள்களுக்கும் கீழே ஒவ்வொன்று, இடது வயிற்றோரம் ஒன்று. 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்குத் தோல் அவ்வளவு மெல்லிசு. ஸ்டிக்கரை வெடுக்கென்று இழுத்தால் தோலும் கூட வரும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை வைத்து ஊறவிட்டு எடுங்கள். சாச்சுரேஷனை, அதாவது ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவை, அளக்கும் புரோபின் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் இருக்கட்டும், இறுக்க வேண்டாம், 3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைத்திருந்தால் புரோபைத் துணியால் மூடுங்கள், இல்லாவிட்டால் எண் தப்பாகக் காட்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. லீட்களுக்கு நடுவே மிகச் சிறிய மின்சாரம் ஓடுகிறது. நெஞ்சு விரியும்போது அதன் தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் மானிட்டர் மூச்சு என்று எண்ணுகிறது. நெஞ்சு அசைவதுதான் அதற்குத் தெரியும். காற்று உள்ளே போகிறதா என்பது தெரியாது. ஒரு நைட் டியூட்டியில் 1,150 கிராம் பாப்பா ஒன்றுக்குத் திரையில் மூச்சு 46. ஆனால் துடிப்பு 150லிருந்து 90க்கு இறங்கிக்கொண்டே வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், தோளுக்கடியில் வைத்த துணிச்சுருள் நழுவி, தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. நெஞ்சு அசைந்துகொண்டுதான் இருந்தது, காற்று போகவில்லை. கழுத்தை நேராக்கி உள்ளங்காலைத் தேய்த்ததும் உதட்டுக்கு நிறம் வந்தது. இப்போது டியூட்டி கைமாற்றும்போதெல்லாம் துணிச்சுருளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஃபைலைத் திறக்கிறேன்.

20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலும், அதற்கு முன்பே துடிப்பு 100க்குக் கீழே போனாலும், சாச்சுரேஷன் விழுந்தாலும் அது அப்னியா, அதாவது ஆபத்தான மூச்சு நிறுத்தம். அலாரத்தை அணைக்கக் கை நீளும். அதற்கு முன் பாப்பாவைப் பாருங்கள். கழுத்தை நேராக்குங்கள், வாயில் பால் இருந்தால் உறிஞ்சி எடுங்கள், முதுகையோ உள்ளங்காலையோ மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். அசையவில்லை என்றால் உடனே பேக் மாஸ்க் (முகத்தில் வைத்துக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் பை), கூடவே உதவிக்குக் குரல். நிறைமாதக் குழந்தைக்கு அப்னியா வந்தால் முதிர்ச்சிக் குறைவு என்று விடாதீர்கள். தொற்று, சர்க்கரைக் குறைவு, வலிப்பு எதுவும் இருக்கலாம்.

ஆக்ஸிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு சாச்சுரேஷன் அலாரத்தின் மேல் எல்லையை 95இல் வையுங்கள். சத்தம் தாங்காமல் அதை 100க்கு ஏற்றுபவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், கூடுதல் ஆக்ஸிஜன் விழித்திரையைக் கெடுக்கும்.

ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள்: மணி, எத்தனை விநாடி, துடிப்பு எவ்வளவு இறங்கியது, தானே மீண்டதா, தேய்க்க வேண்டியிருந்ததா, அப்போது பால் போய்க்கொண்டிருந்ததா. மூச்சைத் தூண்டும் கேஃபீன் மருந்தைத் தொடங்குவதா, நிறுத்துவதா, எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்று டாக்டர் முடிவெடுக்கும்போது இந்தத் தாளைத்தான் கேட்பார்.